நூறு மெகாபிக்சலும் பன்னிரண்டு பவுனும்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் போன மாதம் ஒரு தம்பி கேட்ட கேள்வி பலருக்கு நினைவிருக்கும். "சார், மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். அப்பா காலத்திலிருந்து ஸ்டுடியோ வைத்திருக்கும் குடும்பம். பெயர் வேண்டாம், ஸ்டுடியோத் தம்பி என்றே வைத்துக்கொள்வோம். குழுவில் இருபது பேர் இருபது பதில் சொன்னீர்கள். துபாயில் இருப்பவர்கள் "வாங்குடா" என்றீர்கள். திருப்பூரில் இருப்பவர்கள் "வட்டி எவ்வளவு?" என்றீர்கள். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவன் மனைவி போன் செய்தாள். அந்தப் பாப்பாவும் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவள்தான். "சார், கேமராவும் ஒரு லென்சும் சேர்த்து ஏழு லட்சத்தை நெருங்குதாம். என்னோட பன்னிரண்டு பவுனைப் பேங்க்ல வைக்கலாம்னு சொல்றாரு. நான் வேண்டாம்னு சொல்லல சார். தேவையான்னு மட்டும் நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள்.

முப்பத்து நாலு வருடம் கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தவனிடம் ஒருத்தி கணக்கு கேட்கிறாள். சும்மா இருக்க முடியுமா? நோட்டை எடுத்தேன். அந்த நோட்டில் எழுதியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அவர்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் மீடியம் ஃபார்மட் என்றால் என்ன? பெயர் புதிதாக இருக்கிறதே தவிர, நம் ஊருக்கு அது பழைய சரக்கு. தம்பியின் அப்பா கழுத்தில் தொங்கவிட்டு, மேலே மூடியைத் திறந்து குனிந்து பார்த்துப் படம் எடுப்பாரே, இரண்டு கண் வைத்த யாஷிகா, அது மீடியம் ஃபார்மட்தான். 120 என்ற படச்சுருள். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். நெகட்டிவ் சதுரமாக, பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர் இருக்கும். சில வீடுகளில் இருந்த அக்ஃபா கிளிக் 3 கூட அதே சுருளில் அதே சதுரத்தில்தான் எடுத்தது. நம் ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு ஆலை 1960-ல் தொடங்கப்பட்டு, 1967 முதல் கருப்பு வெள்ளைச் சுருள் செய்தது. நிலா என்று பொருள்படும் "இந்து" என்ற பெயரில் விற்றார்கள். இப்போது ஆலை மூடிக் கிடக்கிறது.

ஆக, நிலாவுக்குப் போன அப்போலோக்காரர்கள் கொண்டுபோன ஸ்வீடன் நாட்டு ஹாசல்பிளாடும் இதே குடும்பம், உப்பிலியபுரம் பக்கத்துக் காதுகுத்துக்கு வந்த யாஷிகாவும் இதே குடும்பம். விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆனால் நெகட்டிவின் அளவு ஒன்றுதான். ஃபிலிம் காலத்தில் பெரிய அளவு என்பது ஏழைக்கும் எட்டியது. ஃபிலிம் என்பது பூசப்பட்ட தாள் மாதிரி, கொஞ்சம் பெரிதாக வெட்டினால் கொஞ்சம் கூடக் காசு, அவ்வளவுதான்.

டிஜிட்டல் வந்ததும் அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. ஏன் என்று கேளுங்கள், இதுதான் விஷயமே.

ஜவுளிக்கடையில் ஒரு பீஸ் துணி. அதில் அங்கங்கே பத்து ஓட்டை. அந்தத் துணியைக் கைக்குட்டைகளாக நூறு வெட்டினால் பத்து கைக்குட்டை வீண், தொண்ணூறு தேறும். அதே துணியைப் பத்து வேட்டியாக வெட்டினால்? ஓட்டைகள் பரவிக் கிடந்தால் ஒன்றிரண்டு வேட்டி தேறுவதே அதிசயம். சென்சார் சிலிக்கான் தகட்டில் செய்யப்படுகிறது. 300 மில்லிமீட்டர் வட்டத் தகட்டில் நல்ல செல்போனுக்குள் இருக்கும் சென்சார் அளவில் வெட்டினால் தொள்ளாயிரம் போல வரும். இன்றைய மீடியம் ஃபார்மட் கேமராவின் 44க்கு 33 மில்லிமீட்டர் சென்சார் என்றால் என் கணக்குப்படி முப்பது சொச்சம்தான். அதிலும் ஓட்டை விழுந்த வேட்டிகளைக் கழிக்க வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. சிலிக்கானில் மின்சுற்றைப் பதிக்கும் இயந்திரம் ஒரே தடவையில் பதிக்கக்கூடிய பரப்பு 26க்கு 33 மில்லிமீட்டர்தான். அதைவிடப் பெரிய சென்சாரைப் பகுதி பகுதியாகப் பதித்து, ஒட்டுத் தெரியாமல் சேர்க்க வேண்டும். ஆகவே பரப்பு இரண்டு மடங்கானால் விலை இரண்டு மடங்கோடு நிற்காது.

பரப்பைத்தான் பாருங்களேன். கல்யாண வீடுகளில் இப்போது எல்லாரும் வைத்திருக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36க்கு 24, அதாவது 864 சதுர மில்லிமீட்டர். மேலே சொன்ன 44க்கு 33 என்பது 1452. ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. டென்மார்க்கின் ஃபேஸ் ஒன் நிறுவனம் 2018-ல் கொண்டுவந்த 150 மெகாபிக்சல் கருவியில் 53க்கு 40. அது இரண்டரை மடங்கு, விலை சுமார் 50,000 டாலர். அப்பாவின் யாஷிகா நெகட்டிவ்? 3136 சதுர மில்லிமீட்டர்! இன்றைக்கு ஏழு லட்சம் கொடுத்து வாங்குவது அப்பா கழுத்தில் தொங்கிய பரப்பில் பாதிகூட இல்லை. இதைச் சொன்னபோது தம்பி சிரித்துவிட்டான்.

இனிச் சந்தைக்கு வருவோம். இந்தச் சந்தையை ஒரு இருபது வருடம் எட்ட நின்று பார்த்தால் சுவாரசியமான கூத்து. ஆரம்பத்தில் விளம்பரப் படம் எடுக்கும் பெரிய ஸ்டுடியோக்களுக்கு மட்டும்தான் இது. பழைய ஃபிலிம் கேமராவின் முதுகில் மாட்டும் டிஜிட்டல் பேக் ஒன்றுக்கே கார் விலை. 2014-ல் சோனி 50 மெகாபிக்சலில் 44க்கு 33 அளவு சென்சார் ஒன்றைக் கொண்டுவந்தது. அதே சென்சாரை ஃபேஸ் ஒன் தன் பெட்டிக்குள் வைத்து 34,990 டாலருக்கும், ஹாசல்பிளாட் தன் பெட்டிக்குள் வைத்து 27,500 டாலருக்கும் விற்றன. பென்டாக்ஸ் கம்பெனி அதே வருடம் அதே சென்சாரை 645இசட் என்ற கேமராவில் வைத்து 8,499 டாலருக்கு விற்றது. ஒரே ஆலையின் அரிசி, மூன்று கடை, மூன்று விலை. மென்பொருள், லென்சு, பழுதானால் உடனே மாற்றுக் கருவி என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கும், இது தங்கம் மாதிரி நிலையான விலை உள்ள பொருள் இல்லை என்று.

பிறகு ஃபூஜிஃபிலிம் வந்தது. இவர்கள் முன்பு ஹாசல்பிளாடுக்கே எச் வரிசைக்கு லென்சு செய்துகொடுத்தவர்கள். எல்லா ஜப்பான் கம்பெனிகளும் ஃபுல் ஃப்ரேமில் அடித்துக்கொண்டிருக்க, இவர்கள் அந்த வகுப்பையே தாண்டிக் குதித்து டபுள் புரமோஷன் வாங்கிய பையன் மாதிரி நேராக மீடியம் ஃபார்மட்டில் வந்து உட்கார்ந்தார்கள். 2017-ல் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ், 6,499 டாலர். 2019-ல் நூறு மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸ் 100, 9,999 டாலர். ஹாசல்பிளாடும் சும்மா இல்லை. 2016-லேயே கண்ணாடி இல்லாத சின்ன எக்ஸ்1டி-யை 8,995 டாலருக்கு அறிவித்தது. ஆனால் அதற்குள் டிரோன் செய்யும் சீனக் கம்பெனி டிஜேஐ 2015-ல் அதில் பங்கு வாங்கியிருந்தது. நிலாவுக்குப் போன பெயருக்கு ஷென்ஜெனில் இருந்து முதலீடு.

இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகும் கருவியைக் கண்ணால் பார்க்காமல் கருத்துச் சொல்வது வாத்தியாருக்கு அழகில்லை. "வாடகைக்குக் கிடைக்குமாப்பா?" என்றேன். சென்னையில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு புதன்கிழமை புளியஞ்சோலைக்கே எடுத்து வந்துவிட்டான். கல்யாணத்துக்கு முந்தைய அவுட்டோர் படம் எடுக்க ஒரு ஜோடியும் கூட வந்தது. சனி, ஞாயிறு என்றால் இங்கே குளிக்க வரும் கூட்டத்தில் கேமராவை வைக்க இடம் கிடைக்காது, உங்களுக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன், படம் அபாரம். மேலே ஆகாயகங்கையாக விழுந்து அய்யாறாக இறங்கி வரும் தண்ணீர், பாறை இடுக்கில் பாசி, பின்னால் பாக்கு மரங்கள், அதற்குப் பின்னால் கொல்லிமலைச் சுவர். லேப்டாப்பில் பெரிதாக்கிக்கொண்டே போனான். பாக்கு மரத்துப் பட்டையில் ஏறும் எறும்பு வரிசை தெரிந்தது. எடுக்கும்போது நாங்கள் யாரும் பார்க்காத எறும்பு! மணப்பெண் முகத்தில் நிழலிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் இடம் வெண்ணெய் உருகினாற்போல வழுக்கிக்கொண்டு போனது. அந்த அரைமணி நேரம் எனக்கே "பாப்பா, நகையைக் கொடுத்துவிடு" என்று சொல்லத் தோன்றியது.

சிரமத்தையும் பார்த்தேன். உச்சி வெயிலில் முகத்துக்கு ஃபிளாஷ் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தக் கருவியில் ஷட்டர் சென்சார் முன்னால் திரை மாதிரி ஓடுகிறது. திரை பெரிது, ஆகவே சாதாரண ஃபிளாஷோடு ஒத்துப்போகும் வேகம் 1/125 நொடிதான். அதற்கு மேல் போனால் படத்தில் பாதி இருட்டு. ஹாசல்பிளாடில் ஷட்டர் லென்சுக்குள்ளேயே இருப்பதால் 1/2000 வரை போகலாம், ஆனால் அந்த லென்சு விலை வேறு உலகம். தாலி கட்டும் நிமிடத்தில் நாலு சித்தப்பா குறுக்கே வரும் மண்டபத்தில், நிதானமாக வேலை செய்யும் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாறை மேல் தம்பி வியர்த்து நின்றதைப் பார்த்ததும் என் புத்தி தெளிந்தது.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து இருவருக்கும் பாடம் எடுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சாக்பீஸ் இல்லாத பாடம்.

நம் கண் பிரித்தறியும் குறைந்தபட்சக் கோணம் சுமார் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. பத்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஒரு அடி தூரத்தில் ஆல்பத்தைப் பிடித்துப் பார்த்தால், அங்குலத்துக்கு 290 புள்ளி வரை கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும். அதனால்தான் லேப்காரர்கள் 300 என்று கேட்கிறார்கள். கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம். 3600ஐ 5400ஆல் பெருக்குங்கள், ஒரு கோடியே தொண்ணூற்று நாலு லட்சம். அதாவது பத்தொன்பதரை மெகாபிக்சல். தம்பியிடம் ஏற்கெனவே இருப்பது 24 மெகாபிக்சல் கேமரா.

"ஃபிளெக்ஸ் பெருசாச்சே சார்" என்றான். பெரிசுதான், ஆனால் தூரமும் பெரிசாச்சே. பத்தடி அகல ஃபிளெக்ஸில் அவனுடைய பழைய கேமராப் படத்தை விரித்தால் அங்குலத்துக்கு 50 புள்ளி. இருபது அடி தள்ளி ரோட்டில் நிற்பவன் கண்ணுக்கு அங்குலத்துக்குப் பதினைந்தே போதும். மீதி காக்காய்க்குத்தான் தெரியும்.

நூறு மெகாபிக்சல் படம், 11,648க்கு 8,736 புள்ளி, ஆல்பத் தரத்தில் அச்சடித்தால் 38 அங்குலத்துக்கு 29 அங்குலம் வரும். அந்த அளவுப் படத்தை மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இது வேண்டும். பட்டுப்புடவை ஜரிகை, வைர மூக்குத்தி விளம்பரம் எடுப்பவருக்கு வேண்டும். ஓவியங்களையும் சுவடிகளையும் நகல் எடுக்கும் காப்பகத்துக்கு வேண்டும். விமானத்திலிருந்து நிலம் அளப்பவருக்கு வேண்டும், ஃபேஸ் ஒன் அதற்கென்றே தனிக் கருவி விற்கிறது. பெரிய அளவுக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கும் இடம் அது. நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் படத்தை முதலில் பார்ப்பது வாட்ஸ்அப்பில். அது பத்து கோடிப் புள்ளியையும் சுருக்கி இருபது, முப்பது லட்சமாக்கி அனுப்பிவிடும்.

இன்னொரு சில்லறைக் கணக்கு. சுருக்காத மூலக் கோப்பு ஒரு புள்ளிக்கு இரண்டு பைட் என்றால் படம் ஒன்றுக்கு 204 மெகாபைட். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் சுட்டால் 600 ஜி.பி.க்கு மேல். சுருக்கினாலும் பாதி நிற்கும். ஹார்டு டிஸ்க் விற்கும் மாணவர் யாராவது இங்கே இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒன்று சொன்னான், அதற்குத்தான் நான் மதிப்புக் கொடுத்தேன். "சார், டிஜிட்டல் வந்தப்போ அப்பா, 'ஃபிலிம் மாதிரி வருமா'ன்னு மூணு வருஷம் உக்காந்துட்டாரு. அந்த மூணு வருஷத்துல பாதி கஸ்டமர் போயிட்டாங்க. நானும் அப்படி லேட்டாகிடக் கூடாதுன்னுதான் சார்."

இது பேராசையில் வந்த பேச்சு இல்லை, பட்ட காயம். ஸ்டுடியோவில் வாடிக்கையாளர் குறைந்ததை அந்தப் பையன் பள்ளிக்கூட வயதில் பார்த்திருக்கிறான். ஆனால் அந்த மாற்றம் வேறு, இது வேறு என்று நினைக்கிறேன். அன்றைக்கு மாறியது வாடிக்கையாளருக்குத் தெரிந்தது. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு மூன்று நாள் காத்திருந்தவர் பத்து நிமிடத்தில் வாங்கிப் போனார். கண் மூடின படத்தை அங்கேயே அழித்தார். அதற்காகத்தான் அவர் கடை மாறினார். இந்த மாற்றத்தில் வாடிக்கையாளர் கைக்கு என்ன புதிதாக வருகிறது? எறும்பு வரிசை. எறும்புக்குத் தனியாகக் காசு தருவாரா என்று கேட்டேன். அவன் மனைவி, "ஆல்பம் ரேட்டுலயே ஐயாயிரம் கொறைக்கச் சொல்றாங்க சார்" என்றாள்.

கடைசியாக எழுதியதுதான் நோட்டில் நான் அடிக்கோடிட்ட கணக்கு. 2019-ல் ஜிஎஃப்எக்ஸ் 100-ஐ 9,999 டாலருக்கு வாங்கினவர், 2021-ல் அதே நூறு மெகாபிக்சலைச் சின்ன உடம்பில் வைத்து ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் என்று 5,999 டாலருக்கு விற்றதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டே வருடத்தில் நாற்பது சதவீதம். 2024-ல் வந்த அடுத்த பதிப்பு 4,999. பழைய 50 மெகாபிக்சல் வகை 2021-லேயே 3,999-க்கு இறங்கிவிட்டது, ஏழு வருடம் முன்னால் 34,990-க்கு விற்ற அதே ரகச் சென்சார். அந்த வருடங்களில் பவுன் விலை எந்தப் பக்கம் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறுகிற பொருளை அடகு வைத்து, அதற்கு வட்டியும் கட்டி, இறங்குகிற பொருளை வாங்குகிறோம். நடுவில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. மாதம் நாலு விளம்பர வேலை உறுதியாக இருந்தால் இதையும் செய்யலாம், கருவி தன் கடனைத் தானே அடைக்கும். தம்பிக்கு வருடத்தில் அப்படி வந்தது இரண்டு வேலை. இரண்டு வேலைக்கு வாடகையே வழி.

அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. நாலு நாள் கழித்துத்தான் போன் வந்தது. பவுன் பீரோவிலேயே இருக்கிறது. "அந்தக் கேமராவ ஒருநாள் சொந்தமா வச்சிருக்கத்தான் போறேன் சார்" என்றான். வைத்துக்கொள்ளட்டும், நானும் வந்து எறும்பு பார்க்கிறேன்.

ஆனால் அந்த வாடகை நாளில் இன்னொரு வேலையும் நடந்தது. அதைச் சொல்லத்தான் உங்கள் எல்லாரையும் இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன்.

அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டியில் 120 நெகட்டிவ்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. என்லார்ஜர் கம்பத்தில் கேமராவைத் தலைகீழாக மாட்டி, கீழே வெள்ளை எல்இடி பலகை வைத்து, இரவு பதினோரு மணி வரை பதினேழு நெகட்டிவ்களைப் படம் எடுத்தோம். 56 மில்லிமீட்டர் உயரத்துக்கு 8,736 புள்ளி, அதாவது மில்லிமீட்டருக்கு 156. அவனுடைய கேமராவிலேயே நெகட்டிவைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினாலும் இதே தரம் வரும், மீதியை அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பெட்டியை நாம்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பதினேழில் ஒன்று நம் பள்ளியின் 1984 பத்தாம் வகுப்புக் குழுப்படம். வேப்பமரத்தடியில் எடுத்தது. தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது என்று படிக்க முடிகிறது. முதல் வரிசையில் ஒரு பெண் பிள்ளையின் சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஊக்கு. நான் மீசையோடு ஓரத்தில் நிற்கிறேன், சிரிக்க வேண்டாம்.

படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன். நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேருக்குப் பெயர் எழுதிவிட்டேன். மூன்றாவது வரிசையில் இடமிருந்து நாலாவது, ஆறாவது, கடைசி வரிசையில் மரத்தை ஒட்டிப் பாதி முகம் மறைந்து நிற்கும் பையன், இந்த மூவரும் யார்? தெரிந்தவர்கள் கருத்தில் எழுதுங்கள். வீட்டில் பழைய சதுர நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறையிலும் போட வேண்டாம், சாதாரணக் காகிதத்தில் மடித்துத் தம்பி கடையில் கொடுத்தால் போதும். பின்னால் பென்சிலால் வருடம் எழுதிவிடுங்கள்.